கேழ்வரகு ஒட்டிய கேசட்

போடிநாயக்கனூர்,
12.8.1984

மாமாவுக்கு,

பொன்னுமணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரித்து எழுத இன்னும் மனசு வரவில்லை. ஆனாலும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதை யோசித்துக்கொண்டு நிற்கிறீர்களா என்ற நினைப்பு வராமலும் இல்லை.

நீங்கள் அனுப்பிய கேசட்டுகள் வந்தன. பார்சலைப் பிரித்ததும் கடிதம் இருக்கும் என்று தேடினேன். 'மேகக் கோட்டை. கேட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது' என்று ஒரு துண்டுச் சீட்டுதான் இருந்தது. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் உட்கார்ந்து நாலு மாதமாகிறது. அவளிடம் பேசுகிற முதல் பேச்சு இதுதானா?

தம்பி சோலைமலைக்கு நான் ஒரே அக்காள். அக்காள் புருஷன் மாலை எடுத்துப் போட்டால்தான் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை மணவறையில் உட்கார முடியும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. அவன் கல்யாணத்தன்று முகூர்த்தம் தப்பிப் போகிறதே என்று கடைசியில் பக்கத்துத் தெரு பால்சாமியைப் பிடித்து இழுத்து வந்து மாலையைப் போட வைத்தோம். நீங்கள் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் டேப்ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லீவுக்குப் போவதற்குள் கடைசி அத்தியாயத்தைப் பேசி முடிக்க வேண்டியிருந்தது என்றீர்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்கு நீங்கள் கதை பேசிக் கொடுப்பதில் எனக்கு எப்போதும் பெருமைதான். அதை முந்தின வாரமே பேசி முடித்திருக்கலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். தம்பியின் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கும் பெண்களுக்கு இப்போது நான்தான் மேற்பார்வை. அவர்கள் கை வேலை செய்யும், காது சும்மாதானே இருக்கிறது என்று அங்கேயே போட்டுவிட்டேன். நடக்கும் மலைகள் எல்லோருக்கும் பிடித்தன. கோட்டைதான் பிடிக்கவில்லை. மாயக்காள் இளவயசில் குரங்கணிக்கு மேலே மலைத் தோட்டத்தில் காய் பறித்தவள். "அம்புட்டு மேகத்துக்குள்ள இருந்தா உடுத்துன சேலை எப்பிடிக் காயும்? நெருப்புப் போட்டு ஒலத்துற ஸ்டோர்ல வச்சாத்தேன் அங்க ஏலக்காயே காயும்" என்கிறாள். "அந்த ராசா மக கோட்டைக்குள்ள இம்புட்டு நாளும் என்ன சோலி பாத்தா?" என்று கேட்கிறாள் கருப்பம்மாள். மூன்று கேசட்டில் ஒருத்தர் கூட உலை வைக்கவில்லை என்பது என் குறை.

இன்னொன்று. சேனாபதிக்குப் பேசும்போது உங்கள் குரல் கம்பீரமாக இருக்கிறது. இளவரசிக்குப் பேசும்போது சளி பிடித்த மாதிரி இருக்கிறது. சுக்குக் கஷாயம் போட்டுக் குடியுங்கள்.

பொன்னுமணி


மதுரை,
20.8.1984

என் பொன்னுவுக்கு,

உன் எழுத்தை உறையின் மேல் பார்த்ததும் ஆபீசிலேயே பிரித்துவிட்டேன். பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல்.

மாயாஜாலக் கதையில் சேலை காயுமா என்று கேட்டால் நான் என்ன செய்வது? மலை நடப்பதை ஒத்துக்கொள்கிற மாயக்காள் ஈரச் சேலையை ஒத்துக்கொள்ள மாட்டாளா? ஆனால் ஒன்று, உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கோட்டைக்குள் நெருப்பு எரியும் ஒரு கணப்பறையை வைத்து, அதில் துணி உலர்த்தும் வேலையை இளவரசிக்குக் கொடுத்து ஒரு அத்தியாயம் சேர்த்திருக்கிறேன். இப்போது அதுதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம்.

இத்துடன் வருவது வேறு மாதிரிக் கதை. பெயர் 'பேச்சு அட்டை'. இனிமேல் வரப்போகிற ஒரு கெட்ட காலத்தில் நடப்பது. அந்த நகரத்தில் அரிசி, சீனி மாதிரி பேச்சுக்கும் சர்க்கார் அளவு வைத்துவிடுகிறது. இந்தக் கதை நல்லபடியாக முடியாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தடவிப் பார்த்துப் போடுவதற்காகக் கேசட்டில் கேழ்வரகு ஒட்டியிருப்பேன். ஒரு மணி ஒட்டியது முதல் பக்கம், இரண்டு மணி ஒட்டியது மறுபக்கம்.

கல்யாண விஷயம் எழுதியிருந்தாய். பதிலை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். சோலைமலை முகத்தில் எப்படி விழிப்பேன்?

கஷாயம் போட்டுக் குடித்தேன். கசக்கிறது.

வீரணன்


போடிநாயக்கனூர்,
9.9.1984

மாமாவுக்கு,

கஷாயத்தில் கருப்பட்டி போட வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

'பேச்சு அட்டை' கேட்டோம். இதுவரை நீங்கள் பேசியதிலேயே இதுதான் உயர்த்தி. உங்கள் கதைகளில் எனக்கு எப்போதும் முடிவுதான் உதைக்கும். இதில் முடிவைக் கேட்டுவிட்டு எல்லோரும் முறத்தைத் தட்டினார்கள். ஆரம்பத்தில் ஊரே ஊமையாகக் கிடக்கிறது. அந்த மனுஷன் கை நிறைய அட்டைகளை வைத்துக்கொண்டு பெண்டாட்டி முன்னால் வாய் திறக்க முடியாமல் நிற்கிறான். அந்த இடத்தில் காய் பொறுக்கும் கை எல்லாம் நின்றுவிட்டது, நானும் அதட்டவில்லை. அப்புறம் பக்கத்தைத் திருப்பிப் போட்டதும் பேச்சுத் திரும்புகிறது. கடைசியில் சந்தைக் கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு கத்தரிக்காய் வாங்குகிறார்கள். அவனும் அவளும் விலை பேசிச் சண்டை போடுகிறார்கள். எவ்வளவு அழகான முடிவு. நல்லபடியாக முடியாது என்று எழுதி எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டீர்கள்.

அபிப்பிராயங்கள் வருமாறு. கருப்பம்மாள்: "எங்க வீட்டுக்காரரு பேசுறதே இல்ல. அவரு அட்டையையும் நானே வாங்கிக்கிருவேன்." மாயக்காள்: "ரேசன் கடைக்காரன் இதுலயும் எடை குறைப்பான்." என் அபிப்பிராயம், அப்படி ஒரு சட்டம் போடி பஸ் ஸ்டாண்டில் ஒரு மத்தியானம் கூட நிற்காது. ஜீப்புக்காரர்கள் 'குரங்கணி, குரங்கணி' என்று கூவியே ஒரு மாத அட்டையைத் தீர்த்துவிடுவார்கள்.

பெரியப்பா உக்கிரபாண்டி சிலமலையிலிருந்து வந்திருந்தார். தீபாவளி வரைக்கும் பார்ப்பது, அதற்கும் மாப்பிள்ளை வரவில்லையென்றால் நாலு பேரைக் கூட்டிக் கல்யாணத்தையே அத்து விட்டுவிடுவது என்கிறார். அத்து விடுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

பொன்னுமணி


மதுரை,
17.9.1984

பொன்னு,

அநியாயம். நீங்கள் மறுபக்கத்தை முதலில் போட்டிருக்கிறீர்கள்.

சந்தைக் கடை வரை முதல் பக்கம், அட்டை வருவதற்கு முந்தின காலம். ஊமை ஊர்தான் முடிவு. அவன் தன் அட்டைகளைச் செலவழிக்காமல் வருஷக்கணக்காகச் சேர்க்கிறான். ஒருநாள் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து மனைவியிடம் ஆசை தீரப் பேச வேண்டும் என்பது அவன் திட்டம். அந்த நாள் வரும்போது சர்க்கார் எல்லா அட்டையும் செல்லாது என்று அறிவித்துவிடுகிறது. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போகிறாள். அதோடு கதை முடிகிறது. அதை எழுதிவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் முறத்தைத் தட்டியிருக்கிறீர்கள். 'அத்தியாயம் ஒன்று' என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேனே, அது கூடவா காதில் விழவில்லை? கேழ்வரகு என்ன ஆனது?

கோபத்தில் இதைப் பிள்ளைகளிடம் சொல்லப்போக, அவர்கள் தாங்களும் அப்படிக் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து மறுபக்கத்தை முதலில் போட்டார்கள். இப்போது இதுதான் சரியான கதை என்கிறார்கள். எனக்கு ஒரு ஆள் கூடத் துணையில்லை.

பெரியப்பா சொன்னதை எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. நிறையச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் யோசித்து, கோவையாக ஒரு நாள் சொல்கிறேன்.

வீரணன்


போடிநாயக்கனூர்,
24.9.1984

மாமாவுக்கு,

கேழ்வரகை மாயக்காள் சுரண்டிவிட்டாள். நான் வருவதற்குள் கேசட்டைக் கையில் எடுத்திருக்கிறாள். "என்னமோ தூசி ஒட்டிக் கெடந்துச்சுத்தா, நகத்தால எடுத்துட்டேன்" என்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை காயில் ஒட்டிய கல்லையும் காம்பையும் கிள்ளி எடுக்கிற கை அது, ஒட்டியிருப்பதைப் பார்த்தால் சும்மா விடாது. நடுவில் 'அத்தியாயம் ஒன்று' என்று வந்தபோது, இது உங்களுடைய புதுப் பாணி என்று நான்தான் அவர்களுக்கு விளக்கம் சொன்னேன்.

உங்கள் முடிவைப் படித்தேன். கதை நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மனுஷனைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பேசக் கிடைத்த காலத்தில் பேசாமல் சேர்த்து வைத்து என்ன கண்டான்? அவளுக்கு மொத்தமாக வேண்டும் என்று யார் சொன்னது? தினம் நாலு வார்த்தை போதும் என்று அவளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். நீங்கள் அவளைக் கேட்கவே இல்லை. கேசட் முழுக்கக் கத்தரிக்காய் விலையைத் தவிர அவளுக்கு ஒரு பேச்சுக் கூடக் கொடுக்கவில்லை.

அவனுக்காவது சர்க்கார் தடை போட்டது. மதுரையில் யாருக்கும் யாரும் அட்டை கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைப் புருஷன் நேரில் வந்து, வாசலில் நின்று, அவள் வீட்டார் காது கேட்க 'வா, போகலாம்' என்று வாயால் கூப்பிட வேண்டும். கடிதத்தில் கூப்பிட்டால் செல்லாது, ஆள் விட்டுக் கூப்பிட்டாலும் செல்லாது. நானாகக் கிளம்பி வந்தால் அப்புறம் எனக்கு இந்த வீட்டில் மரியாதை இருக்காது. அரக்கனுக்கும் ராஜாவுக்கும் நடக்கும் மலைக்கும் பேசத் தெரிந்தவருக்கு இந்த இரண்டு வார்த்தை வராதா? நீங்கள் கோவையாகச் சொல்லும் வரை தீபாவளி காத்திருக்காது. எனக்கு அத்து விட இஷ்டமில்லை. இதைப் பட்டவர்த்தனமாக எழுதிவிட்டேன்.

பொன்னுமணி


மதுரை,
3.10.1984

பொன்னு,

ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். இதில் கதை இல்லை. எழுதி வைத்துக்கொண்டு பேசவில்லை, வாயில் வந்ததைப் பேசினேன். அதனால் தாறுமாறாக இருக்கும். ஒரு மணி கேழ்வரகு ஒட்டிய பக்கத்தில் மட்டும்தான் பேச்சு. மறுபக்கம் காலி.

தயவுசெய்து இதைக் கிட்டங்கியில் போடாதே. வீட்டில் நீ தனியாக இருக்கும்போது கேள்.

வீரணன்


போடிநாயக்கனூர்,
14.10.1984

என் மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இந்த முறை மனசு வந்தே எழுதுகிறேன்.

உங்கள் பார்சல் வியாழக்கிழமை வந்தது. தனியாகக் கேள் என்ற கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. இனிமேல் நடந்ததைப் படிக்கும்போது மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை நான் ஜீப்பில் குரங்கணி போயிருந்தேன். புதுக் கதை வந்துவிட்டது என்று கிட்டங்கிப் பெண்கள் பார்சலைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் நான் வந்து பார்த்தால் பொறுக்காத காய் குவியலாகக் கிடக்கிறது. கருப்பம்மாள் மூக்கைச் சிந்துகிறாள். தம்பி கிட்டங்கி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஏதோ சாவுச் செய்தி என்று எனக்கு உயிரே போய்விட்டது.

மாயக்காள்தான் சொன்னாள். "இந்தத் தடவை எதையும் சுரண்டலத்தா. சரியான பக்கந்தேன் போட்டோம். மொத வார்த்தையே உம் பேரு. அப்பறம் எங்களுக்கு நிறுத்த மனசு வல்ல."

அவர்கள் அபிப்பிராயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "இதுல மேகமும் இல்ல, கோட்டையும் இல்ல. ஆனா இதுதேன் கதை" என்றாள் கருப்பம்மாள். மாயக்காளுக்கு ஒரு குறை உண்டு, கதை சின்னதாகப் போய்விட்டதாம். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "மச்சானை வரச் சொல்லுக்கா. அன்னைக்கு எனக்கு மாலை போட வரல. அவரு வந்தா நான் அவருக்குப் போடுறேன்" என்றான். பெரியப்பாவுக்கும் அவனே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டான்.

ராத்திரி வீட்டில் நான் தனியாகக் கேட்டேன். மாலை கையில் இல்லாமல் பந்தலில் வந்து நின்றபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று சொன்னீர்கள். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனதைச் சொன்னீர்கள். நான் இல்லாத வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பதைச் சொன்னீர்கள். நடுவில் ஒரு இடத்தில் பேச்சு நின்றது. அப்போது பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. நீங்கள் எழுந்து போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, வா என்றீர்கள். நான் அழுதுவிட்டேன் மாமா. பால் சட்டியை நினைத்துக் கொஞ்சம் சிரித்தும்விட்டேன்.

காலி என்று நீங்கள் எழுதிய மறுபக்கத்தையும் போட்டுக் கடைசி வரை கேட்டேன். ஒரு வார்த்தையாவது தப்பி விழுந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. வெறும் இரைச்சல்தான் வந்தது.

ஆக, கேட்டவள் என்ற முறையில் என் அபிப்பிராயம். நீங்கள் பேசியதில் இதுதான் உண்மையிலேயே உயர்த்தி. குறை ஒன்றே ஒன்று, இது கேசட். நான்தான் வழக்கத்தை எழுதியிருந்தேனே. தீபாவளிக்கு முந்தின நாள் காலை ரயிலில் வந்து இறங்குங்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸில் வாருங்கள். அதையும் தவறவிடாதீர்கள். வாசலில் நின்று அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் போதும். கோவையாக வேண்டாம்.

காலியாக விட்ட பக்கத்தில் நான் பேசி வைத்திருக்கிறேன். உங்கள் கதையில் அவளுக்குப் பேச்சு இல்லையே, அதனால். அடையாளத்துக்கு இரண்டு ஏல விதை ஒட்டியிருக்கிறேன். மாயக்காள் கண்ணில் படாமல் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். கேட்க வேண்டுமானால் இங்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

வரும்போது மறக்காமல் புது பேட்டரி வாங்கி வாருங்கள். இங்கே சாயங்காலமானால் கரண்டு போய்விடுகிறது, நான் பேசியதும் கொஞ்சம் நீளம்.

உங்கள்
பொன்னு