பிரஷ் போகாத இடம்

இயேசுவுக்கே புகழ்

இராஜாக்கமங்கலம் துறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெனிலாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீ பதறுவாய், அப்பா வந்து என்ன ஏதென்று கேட்பார். லீவு முடிந்து பக்கத்து வீட்டு எட்சன் நாளைக்கு நீ இருக்கிற அயர்லாந்துக்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கூடவே ஏத்தங்காய் சிப்ஸும் இருக்கிறது.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஒரு வாரமாகக் கடல் சரியில்லை, வள்ளம் கரையில்தான் கிடக்கிறது. சும்மா இருந்த நேரத்தில், எங்களுக்குக் காட்ட மாதிரிக்கென்று நீ அனுப்பிய சாமானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கரையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ‘எனக்க மவ உண்டாக்குனதாக்கும் இது’ என்று காட்டிக்கொண்டு நடந்தார். வயிற்றைக் கீறாமல் உள்ளே இருக்கிற கட்டியை உரித்தெடுக்கும்போது, டாக்டர் அறுக்கிற இடத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு சின்னக் கை, எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியில் தொப்பி மாதிரி மாட்டுவது என்று நீ விளக்கியதை அவர் அவருக்குத் தெரிந்த மாதிரி சொன்னார், பாதி தப்பு. எனக்கும் பெருமைதான் மக்கா. பன்னிரண்டு வருசமாக ஆஸ்பத்திரியில் அந்தக் குழாய்களைக் கழுவுகிறவள் நான், என் மகள் அதற்கே ஒரு கை செய்து கொடுத்திருக்கிறாள்.

அந்தச் சாமான் இப்போது இல்லை. நான்தான் பிளேடால் அறுத்தேன். காரணம் சொல்லவில்லை என்று அப்பா இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வியாழக்கிழமை அந்தச் சாமானின் கடைசி வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குப் பிறகு ஒன்றும் மாற்ற முடியாது என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை எப்படிக் கழுவுவது என்று கேட்டதற்கு, ‘அம்மா, அத கழுவாண்டாம், ஒருக்கா போட்டுட்டு களையதாக்கும்’ என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மறுநாள் சந்தையில் வாங்கிய சூரை மீனை வெட்டிய இரத்தத்தில் அதை ஊறப்போட்டு, காயவிட்டு, வேலைக்குக் கொண்டுபோய் எங்கள் முறைப்படியே கழுவினேன். சோப்புத் தண்ணீர், பிரஷ், மருந்துத் தண்ணீரில் இருபது நிமிடம், எதையும் குறைக்கவில்லை. வெளியே பார்த்தால் பளிச்சென்று இருந்தது. அறுத்துப் பார்த்தேன், அந்தக் கை மடங்குகிற கீலுக்குள்ளும் கம்பி போகிற துவாரத்துக்குள்ளும் இரத்தம் அப்படியே இருந்தது. எங்களிடம் இருக்கிற எந்த பிரஷும் அங்கே போகாது.

நீ அதைத் தூக்கி எறிவதற்கென்று செய்திருக்கிறாய். இங்கே விலை கூடிய எதையும் எறிவதில்லை மக்கா. உறையில் ஒருமுறைக்கு மட்டும் என்று அச்சடித்திருக்கும், உறையை மட்டும் எறிவோம், சாமான் கழுவுகிற தொட்டிக்கு வரும். இரண்டு வருசத்துக்கு முன்னால், அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த குமாரதாஸ் என்று ஒருவர் பித்தக் குழாயில் கல் என்று வந்தார். வாய் வழியாகக் குழாயை விட்டு, ஒரு கம்பிக் கூடையால் கல்லை வாரி எடுத்தார்கள். அந்தக் கூடையும் ஒருமுறைக்கு மட்டும்தான், நான் அதை ஒன்பதாவது தடவையாகக் கழுவிக் கொடுத்திருந்தேன். குழாய் போகும்போது பயந்தவரின் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதற்காக மறுநாள் அவர் மனைவி ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்து, ‘அக்கா, நீங்க நல்லா இருக்கணும்’ என்று தந்தாள். அன்று சாயங்காலமே அவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது, பதினோராம் நாள் போய்விட்டார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அந்தக் கூடை முறிந்தபோது அதன் சுருள் கம்பியைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பழுப்பாகப் படிந்திருந்தது. அதனால்தான் செத்தாரா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவைப் பற்றி இப்படி ஒன்றை நீ தெரிந்துகொள்வது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கீலைத் திறந்து பிரஷ் விடுகிற மாதிரி செய்ய முடியுமானால் செய், நான் ஒழுங்காகக் கழுவுவேன். முடியாதென்றால் குழாயிலிருந்து கழற்றும்போதே அந்தக் கை முறிந்துபோகிற மாதிரி செய். இவ்வளவு தெரிந்த பிறகு அம்மா எதிர்த்துச் சொல்லிவிடுவாள் என்று மட்டும் நம்பியிருக்காதே. ‘செசிலியக்கா, இன்னும் ஒருக்கா கழுவித் தாங்க’ என்று அவர்கள் கேட்டால் நாளைக்கும் நான் கழுவித்தான் கொடுப்பேன், என்னை எனக்குத் தெரியும். உன் அம்மாவின் கையில் கிடைத்தாலும் இன்னொருவர் உடம்புக்குள் அது போகக் கூடாது, அப்படிச் செய்து கொடு மகளே. உன் மேலதிகாரிகள் கோபப்பட்டால் படட்டும், வேலை தள்ளிப்போனால் போகட்டும்.

காலையில் சாப்பிடாமல் ஓடாதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், ஆண்டவர் உன் கைவேலையைக் காப்பாராக. எட்சன் செவ்வாய்க்கிழமையே கொண்டுவந்து தருவான், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை இன்னொரு தடவை வாசி. வாசித்ததும் போன் பண்ணு, அப்பா எடுத்தால் கடல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
செசிலி ஆன்ட்ரூஸ்