இரண்டு முறை பார்த்த படம்

அம்மா,

போன சனிக்கிழமை மதுரையில் விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு துணிக்கடைக்குள் கால் மணி நேரமாக அசையாமல் நின்றிருந்தேன். ஒரு கையில் மாம்பழ மஞ்சளில் ஒரு குர்தா, இன்னொரு கையில் சாம்பல் நிறத்தில் ஒன்று. கடைப்பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எதக்கா எடுக்குறீங்க? சொன்னா மடிச்சு வெச்சிருவேன்” என்றாள். மஞ்சளை முகத்தருகே கொண்டுபோனேன். அந்தக் கஞ்சி வாசனை, பிரிக்காத துணியின் வாசனை. நீ எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் துணியை மூக்கில் வைத்துத்தான் பார்ப்பாய். “சாயம் போகுமா போகாதான்னு என் மூக்குச் சொல்லிரும்” என்பாய். உன் மூக்கு சொன்னது ஒருநாளும் பலித்ததில்லை. நாம் வாங்கியதெல்லாம் வாளித் தண்ணீரில் சாயம் கக்கியது.

நான் ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். மஞ்சள் எனக்குப் பிடிக்குமா, உனக்குப் பிடித்ததால் எனக்குப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வயதில் இதற்கெல்லாமா ஒருத்தி குழம்புவாள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் இப்போது எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம்தான் வருகிறது.

உனக்கும் எனக்கும் இடையில் இருந்தது என்ன மாதிரியான உறவு என்று இன்னொருவரிடம் சொல்லப் போனால் திணறிப் போகிறேன். பத்தாவது முடித்த கையோடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினெட்டில் உன்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். உசிலம்பட்டியில் அப்பாவின் மாட்டுத்தீவனக் கடை, வீடு, நான். இவ்வளவுதான் உன் உலகம் என்று ஊரே நினைத்திருந்தது. எனக்குப் பதிமூன்று வயதானபோது நான் கடை கடையாக ஏறி இறங்கவும், கதைப்புத்தகம் வாங்கவும், படத்துக்கு அடம்பிடிக்கவும் ஆரம்பித்தேன். துணைக்கு வந்த நீ, என்னைவிட வேகமாக அதில் விழுந்துவிட்டாய். சனிக்கிழமை காலை பத்து மணி பஸ் நமக்கென்றே ஓடுவது போல இருந்தது. மதுரை பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கினால் முதலில் வளையல், பிறகு துணி, பிறகு படம். அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே, “ரெண்டு பிள்ளைகளையும் பஸ் ஏத்தி விட்டாச்சு” என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வார்.

தமுக்கம் மைதானத்தில் புத்தகக் கண்காட்சி போட்டால் உனக்குத் துப்பறியும் கதைகள்தான் வேண்டும். வாங்கியதும் நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைப் படிப்பாய். நான் கத்துவேன். “யாரு சாகுறா, யாரு மாட்டுறான்னு தெரிஞ்சாத்தான்டி எனக்கு நிம்மதியா படிக்க ஓடும்” என்பாய். ஒரே புத்தகத்தை இருவரும் படிப்போம். உன் அடையாளம் பஸ் டிக்கெட், என் அடையாளம் ஹேர்பின். நீ சமையற்கட்டில் இருக்கும்போது நான் உன் டிக்கெட்டைத் தாண்டிவிடுவேன். நான் பள்ளிக்கூடம் போனதும் நீ என் ஹேர்பின்னைத் தாண்டிவிடுவாய்.

இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ப்ளஸ் டூ வந்ததும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. திருப்பரங்குன்றத்துக்கு என் சிநேகிதிகளோடு போனபோது நீயும் வந்தாய், நினைவிருக்கிறதா? மலைப்படியில் நின்று கன்னத்தில் விரலை வைத்து, எங்களைப் போலவே போட்டோவுக்கு முகம் கோணினாய். “உங்கம்மா செம ஜாலிடி” என்றார்கள் எல்லோரும். எனக்குக் காது சூடானது. அது வெட்கமா, பொறாமையா என்று அன்றும் தெரியவில்லை. அவர்கள் உன்னைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருக்க, நான் தனியாகப் போய்ச் செருப்புக்குக் காவல் இருப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை. நீ குளித்து, நீலப் பூப்போட்ட சேலைக்குக் கொசுவம் எடுத்துக்கொண்டிருந்தாய். “ம்மா, இன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. சாயங்காலம்தான் வருவேன்” என்றேன். உன் விரல்கள் கொசுவத்திலேயே ஒரு நொடி நின்றன. “முந்தியே சொல்லியிருக்கலாம்ல” என்றாய். பிறகு உடனே, “சரி சரி, படிப்புத்தான் முக்கியம். போயிட்டு வா” என்றாய். சேலையை அவிழ்த்து மாற்றப்போகிறாய் என்று நினைத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

கோரிப்பாளையத்தில், மலைக்கு வந்த சிநேகிதிகளில் ஒருத்தியான ஷபானா வீட்டுக்குப் போய் அவளையும், இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போனோம். நீயும் நானும் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த அதே படம். தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும்; நாங்கள் அடக்க மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேலே இன்னும் ஒரு சிரிப்பு கேட்டது. விக்கல் போலத் தொடங்கி, நின்று, பிறகு கட்டுக்கடங்காமல் வெடிக்கும் ஒரு சிரிப்பு. இந்த ஊரில் அப்படிச் சிரிக்க ஒரே ஒருத்திதான் உண்டு. நான்கு வரிசைக்கு முன்னால், நீலப் பூப்போட்ட சேலையில், பக்கத்து நாற்காலியில் பையை வைத்துக்கொண்டு நீ தனியாக உட்கார்ந்திருந்தாய்.

நீ பொய் சொல்லவில்லை. எங்கே போகிறாய் என்று நான் உன்னைக் கேட்கவே இல்லையே. பொய் சொன்னது நான். ஆனாலும் உன்மேல்தான் கோபம் வந்தது. என்னை விட்டுவிட்டு எப்படி நீ அந்தப் படத்தைப் பார்க்கலாம்? இந்தக் கோபத்தை இன்றைக்கு எழுதும்போது எனக்கே புரியவில்லை.

இடைவேளையில் துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு குனிந்திருந்தேன். ஷபானா பாப்கார்ன் வாங்க எழுந்து போனாள். அவளைத் தடுக்கக்கூடத் தோன்றவில்லை. படம் முடியக் கால் மணி நேரம் இருக்கையில், தலைவலி என்று சொல்லி எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். ஷபானா வீட்டிலேயே பொழுதைப் போக்கினேன். “அம்மி” என்று அவள் கூப்பிடும் அவள் அம்மா டீயும் ரஸ்க்கும் கொடுத்து, “ஏம்மா, முகமெல்லாம் வாடிக் கிடக்கு?” என்று கேட்டார். ஆறு மணி பஸ்ஸில்தான் ஊர் திரும்பினேன்.

நீ வீட்டில் இருந்தாய். பழைய நைட்டியில், வெங்காயம் நறுக்கிக்கொண்டு.

“கிளாஸ் எப்டி?”

“ம், போச்சு.”

“தலை வலிக்குதாடி? தைலம் தேச்சு விடவா?”

தலைவலி என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாயா? நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதை இருட்டில் திரும்பிப் பார்த்தாயா? தைலம் தேய்த்த உன் விரல்களில் வெங்காய வாசனை இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து எனக்குத் தாங்க முடியாமல் போனது. “ம்மா, அந்தப் படத்துக்குப் போவமா?” என்றேன்.

“நல்லா இருக்குதாமா?” என்றாய் நீ.

“தெரியல. எல்லாரும் சொல்றாங்க.”

“அப்ப போவம். எனக்கும் பாக்கணும்னுதான் இருந்துச்சு.”

உலகத்தில் வேறு எந்த அம்மாவும் மகளும் அப்படி ஒரு படம் பார்த்திருக்க மாட்டார்கள். “ஏண்டி, இவன்தான் கூட்டாளியா இருப்பானோ?” என்று நீ என் காதில் கிசுகிசுத்தாய். “இருக்காதும்மா, இவனப் பாத்தா நல்லவனாத் தெரியுது” என்றேன் நான். சிரிப்பு வரும் இடத்துக்கு அரை நொடி முன்னாலேயே உன் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த அரை நொடியை நான் கவனித்தேன். நான் பார்க்காமல் ஓடிவந்த அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில் மட்டும் நீ திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பஸ்ஸில் வரும்போது, “ரொம்ப நாளைக்குப் பெறகு ஒரு நல்ல படம்” என்று மட்டும் சொன்னாய்.

பிறகு பல சனிக்கிழமைகள் வந்தன. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஒவ்வொரு முறையும் வளையலோ, ஒரு புது ஓட்டலோ, வேறொரு படமோ குறுக்கே வந்துவிடும். நான் கல்லூரி சேர்ந்த வருடம், மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் படுக்கையில் கிடந்தபடியே, “இந்த வாரம் என்ன படம்டி?” என்றாய். “மொதல்ல நீ எந்திரி, பெறகு பாப்பம்” என்றேன். ஐந்தாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனோம். ஏழாம் நாள் நீ இல்லை.

போன சனிக்கிழமை துணிக்கடையிலிருந்து வெளியே வந்தவள் நேராக ஷபானா வீட்டுக்குத்தான் போனேன். அவளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். துணிகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவளிடம், நான் கடையில் திகைத்து நின்றதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்து, அந்தப் பழைய படக்கதையையும் சொன்னேன். முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டாள்.

“அம்மாவ அன்னைக்கு நான் பாத்தேன்டி” என்றாள்.

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் அவளுக்கு முன்னால் நீ நின்றிருந்தாயாம். அவளைப் பார்த்ததும் உனக்கு எல்லாம் புரிந்துபோனதாம். ஆனால் ஒன்றும் கோபப்படவில்லையாம். அவள் பாப்கார்னுக்கும் நீயே காசு கொடுத்துவிட்டு, “அவகிட்ட என்னயப் பாத்தேன்னு சொல்லிராத கண்ணு” என்றாயாம். அப்புறம் போகத் திரும்பிய நீ, நின்று இன்னொன்றும் சொன்னாயாம்.

“ஆரம்பத்துல அவ சிரிப்பு எனக்கு அங்க வரைக்கும் கேட்டுச்சு. என்கூட வந்தா அவ இம்புட்டுச் சிரிக்க மாட்டா.”

“எப்படிச் சொன்னாங்க? வருத்தமாவா?” என்று கேட்டேன்.

“தெரியலடி. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. ஆனா சொல்லிட்டு, முந்தானைய இழுத்து இழுத்துச் சரிபண்ணிக்கிட்டே நின்னாங்க.”

ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று அவள்மேல் சீறினேன். “சொல்லாதன்னு அவங்க கேட்டாங்கள்ல. அவங்க போன பெறகு எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்று அவள் அழுதாள். கல்யாணப் பெண்ணை அழவைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

அம்மா, நீ சொன்னது உண்மையா? உன்னோடு வந்தபோது நான் குறைவாகத்தான் சிரித்தேனா? எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். உன் சிரிப்பு அத்தனை சத்தமாக இருந்ததால் என்னுடையது கேட்கவில்லையோ என்று ஒரு சமயம் தோன்றுகிறது. யாராவது நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கவனிப்பதிலேயே நான் சிரிப்பை விழுங்கினேன் என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. நீ பொறுத்துக்கொண்டாயா, சந்தோஷப்பட்டாயா என்பதும் தெரியவில்லை. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்பதும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். நீ எல்லாம் தெரிந்துகொண்டே இரண்டாம் முறை என்னோடு வந்து உட்கார்ந்தாய்.

நேற்றுத் தனியாகவே ஒரு படத்துக்குப் போனேன். சுமாரான படம்தான். ஓர் இடத்தில் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சிரித்தேன். நான்கு வரிசை தள்ளி யாருக்குக் கேட்கட்டும் என்று அப்படிச் சிரித்தேன் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.