நான் நிறுத்திய குளிசை

செவ்வாய்க்கிழமை, ஒக்டோபர் 14. வெள்ளவத்தை.

என் கணவருடைய மறதி நோய்க்கான குளிசையை ஏழு கிழமைக்கு முன் நான்தான் நிறுத்தினேன். அதைப் போட்டால் ஓங்காளம் வந்தது, சாப்பாடு இறங்கவில்லை. டொக்டரிடம் கேட்கவில்லை. முதல் கிழமை நன்றாகச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு சேட்டுக்குப் பொத்தான் பூட்டத் தெரியாமல் நின்றார். அடுத்ததாக மகளின் பெயர் போய்விட்டது.

இன்று காலை டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "திருப்பித் தொடங்குவம் அம்மா. ஆனா போனது திரும்பி வருமெண்டு சொல்லேலாது" என்றார்.

பின்னேரம் குளிசையைக் கொடுத்தேன். இவர் விழுங்கிவிட்டு, "பொழுதுபடுது, நீங்கள் வீட்ட போங்கோ. என்ர மனிசி இப்ப வந்திடுவா" என்றார். நாற்பது வருடமாக என்னை 'நீர்' என்றே கூப்பிட்டவர்.

"சரி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனேன். முகம் கழுவி, இவருக்குப் பிடித்த பச்சைச் சேலையை உடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இவர் மரியாதையாக எழும்பி நின்றார். "வாங்கோ, இருங்கோ. ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?"