பல்லுக்கு ஒரு நாள் லீவு

என் ஆசை அண்ணனுக்கு,

போன வாரம் எனக்கும் ஈறில் ரத்தம் வந்தது. கொப்பளித்த தண்ணீர் சிவந்திருந்ததைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான். கும்மிடிப்பூண்டி பஜாரில் பல் டாக்டரம்மாவிடம் போனேன். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தாம்மா ஈறு கெட்டுச்சு. கடைசியில எங்களையே மறந்துட்டுப் போய்ச் சேர்ந்தாரு" என்றேன், பேச்சோடு பேச்சாக.

அவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். "ஈறு ரொம்ப நாள் கெட்டிருந்தா மூளையையும் பாதிக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க சார். ஆனா அதனாலதான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. மறதி வந்தவங்க பல்லைக் கவனிக்காமலும் ஈறு கெடும்."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை அண்ணா.

நீ ரோலிங் மில்லில் இரும்பு தூக்கி என்னை டிப்ளமோ படிக்க வைத்தாய். அதே மில்லுக்கு உனக்கே சூப்பர்வைசராக வந்தேன். வீட்டில் என்னை 'டேய்' என்கிற நீ, மில்லுக்குள் வாய் நிறைய 'சார்' என்பாய். அன்று கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றாய்.

"ஒரு நாள் லீவு வேணும் சார். ஈறெல்லாம் வீங்கிக்கினு கீது."

அண்ணனுக்குச் சலுகை என்று நாலு பேர் பேசுவார்களே என்று எனக்குப் பயம். "பல்லுக்கெல்லாம் ஒரு லீவா? உப்புத் தண்ணில கொப்ளிச்சிக்கினு போய் வேலையப் பாருப்பா" என்றேன். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்புறம் பல்லுக்காக நீ லீவே கேட்கவில்லை.

ரிடையரான பிறகு ஒவ்வொன்றாக மறந்தாய். கவரைப்பேட்டையில் நீயே கட்டிய வீட்டை யார் வீடு என்று கேட்டாய். நான் தம்பி என்பதும் போய்விட்டது. 'சார்' மட்டும் போகவில்லை. டூட்டிக்குப் போகும் வழியில் உன்னைப் பார்க்க வருவேன். யூனிஃபார்மைக் கண்டதும் எழுந்து நிற்பாய்.

"ஒரு நாள் லீவு குடுங்க சார். பல்லு வலிக்குது."

வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. "எடுத்துக்கோண்ணா" என்பேன். நிம்மதியாக உட்காருவாய். மறுநாள் காலையில் திரும்பவும் கேட்பாய். எத்தனை தடவை கொடுத்தும் அந்த ஒரு நாள் உனக்கு வந்து சேரவே இல்லையா அண்ணா?

அண்ணியிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "இன்னாத்துக்கு தம்பி இத்தயே நெனச்சிக்கினு பேஜாராவறீங்க? அவங்களே தெரியலன்னுதானே சொல்றாங்க? அவரு ஒங்கள ஒரு நாளும் கொற சொன்னதில்ல" என்றார். நீ குறை சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நேற்று ஃபர்னஸில் வேலை செய்கிறவர் ஒருவர் வீங்கிய கன்னத்தோடு வந்தார். லீவு ஃபாரத்தில் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தார். பல் என்று எழுதினால் சிரிப்பேன் என்று பயம். நான் அதை அடித்து 'பல் வலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு இன்னும் எட்டு மாதம் சர்வீஸ் இருக்கிறது. அதுவரை என் மேஜைக்கு முன்னால் யாரும் பல்லுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்காது. உன்மேல் சத்தியம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நானும் அங்கே வந்து சேரும்போது, என்னைப் பார்த்து எழுந்து நிற்காதே. டேய் என்று கூப்பிடு.

உன் தம்பி,
சேகர்