தொடை எலும்பில் ஒரு கம்பி

ஆவூர், 1964

மகளுக்கு,

ஈஸ்டருக்கு வரும் பாஸ்குத் தேர் வரை நான் தாங்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

எந்த உலோகத்தை எலும்பு இறுகப் பற்றுகிறது என்று நீ முயல்களின் காலில் விதவிதமான கம்பிகளை வைத்துச் சோதிக்கிறாய். அந்த முயல் வாடையோடு என் வீட்டுக்குள் வராதே என்று சொன்னேன். அதன்பின் நீ வரவேயில்லை. நானும் கூப்பிடவில்லை.

என் இடுப்பு முறிந்தபோது தொடை எலும்பில் எஃகுக் கம்பி வைத்தார்கள். நான் போனபின் அதை எலும்போடு எடுத்துச் சோதித்துக்கொள். மிச்சத்தை உன் அப்பா பக்கத்தில் அடக்கம் செய்யக் கோயில் பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன்.

என்னைக் குளிப்பாட்டும் சொர்ணம் சிரிக்கிறாள். "எலும்பையே தாரேங்கிறீங்க, வாடி ஆத்தான்னு ஒரு வார்த்தை எழுத மாட்டீங்களாக்கும்?" அவளுக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்!

ஒன்றை யோசித்துப் பார். கம்பி எப்போது அசைகிறது, எந்த இடத்தில் வலிக்கிறது என்று முயல் உன்னிடம் சொல்லாது. நான் சொல்வேன். கேட்டு எழுதிக்கொள்ள வேறு யாரையும் அனுப்பாதே. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்குள் என்றால் தெளிவாகச் சொல்ல முடியும்.

வாடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா