கார்த்திகையில் கழுவிய தொட்டி

சலாலா, ஓமன்
10 ஜூலை 2006

அன்பு மகள் ஆபிதாவுக்கு, வாப்பா சலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ் கிருபையால் என் உடம்புக்கும் கடைக்கும் ஒரு குறையும் இல்லை. கரீப் மழைக்காலம் தொடங்கிவிட்டது. துபாயும் குவைத்தும் வெயிலில் வெந்துகொண்டிருக்க, எங்கள் சலாலா மட்டும் மூன்று மாதம் சாரலில் நனையும். மலையெல்லாம் ஒரே பச்சை. அரபிகள் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து நனைந்துவிட்டு, நம் ரோட்டோரக் கடையில் இளநீர் குடித்து "மாஷா அல்லாஹ்" என்கிறார்கள். மழையை நானே வரவழைத்த மாதிரி தலையாட்டிக்கொள்கிறேன்.

மாலத்தீவில் என் மகள் புவியியல் டீச்சர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் பேச்சு ஒரு வருஷத்துக்குத்தான். கடல் நடுவே நீ தனியாக இருக்க நான் சம்மதித்ததே உம்மாவின் நச்சரிப்பால். பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்ததும் கீழக்கரைக்குக் கிளம்பு.

உன் வாப்பா,
மக்தூம்

*

2 ஆகஸ்ட் 2006

பாசமுள்ள வாப்பாவுக்கு, ஆபிதாவின் சலாம்.

உங்கள் சாரல் பெருமையைப் படித்துச் சிரித்தேன். கோபிக்காதீர்கள், ஒன்று சொல்கிறேன். உங்கள் மலைக்குச் சாரல் தருகிற அதே தென்மேற்குப் பருவம் உங்களுக்கு ஒரு மாதம் முன்பே எங்கள் தீவை நனைக்கத் தொடங்கிவிடுகிறது. போன வாரம் ஒரே நாளில் எண்பது மில்லிமீட்டர் கொட்டியது. நானே பள்ளி மழைமானியில் அளந்தேன். உங்கள் கரீப் மூன்று மாதம் தூறினாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேறும் என்று புத்தகம் சொல்கிறது!

இந்தத் தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். கிணற்று நீர் உவர்ப்பு. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறோம். பள்ளித் தொட்டியின் பொறுப்பைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்திருக்கிறார். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் குடிநீர், வாப்பா. வந்து ஆறு மாதத்தில் இப்படி ஒரு நம்பிக்கை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

உங்கள் ஆபிதா

*

8 அக்டோபர் 2006

மகளுக்கு,

சலாலா மழையை இளக்காரம் பண்ணிவிட்டாய். சரி, உனக்கு வாய் நீளம் என்று தெரிந்ததுதானே. கரீப் முடிந்து கடையில் கூட்டம் குறைந்துவிட்டது.

தொட்டி விஷயம் ஒன்று. பாசி பிடித்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஆகாது. நம் வீட்டில் அடைமழைக்கு முன்னால் தொட்டியைக் காலி பண்ணிக் கழுவிவிடுவோம் அல்லவா? அப்படியே செய். ஐப்பசி தவறினாலும் கார்த்திகை மழை ரொப்பிவிடும். இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லிவை.

மக்தூம்

*

24 ஜனவரி 2007

வாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

நவம்பர் பதினெட்டாம் தேதி, பள்ளி விடுமுறை விட்டதும், தொட்டியைத் திறந்துவிட்டுக் கழுவினேன். காவலாளி, "இப்போதா, மிஸ்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். புவியியல் படித்தவளுக்குத் தெரியாதா என்று அவரும் விட்டுவிட்டார்.

எனக்குத் தெரியவில்லை, வாப்பா. கீழக்கரையில் நமக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குக் காற்று இந்த வடக்குத் தீவுகளுக்கு வறண்ட காற்று. தெற்கே இருக்கிற தீவுகளிலாவது அவ்வப்போது பெய்யுமாம். இங்கே டிசம்பரில் மூன்று மழை, தொட்டியில் முழங்கால் அளவு. அதன்பின் சொட்டு இல்லை. இனி ஏப்ரல் கடைசி வரை இப்படித்தானாம். நான் வந்த புதிதில் தொட்டி நிறைந்திருந்ததால் அந்த வறட்சி எனக்கு உறைக்கவே இல்லை. வகுப்பில் நானே நடத்தும் பாடம் இது. என் வீட்டுக் கார்த்திகையை நம்பிப் பாடத்தை மறந்தேன்.

பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியை யாரையும் குறை சொல்லவில்லை. படகில் தண்ணீர் வரவழைக்கலாம் என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. காலைக் கூட்டத்தில் எழுந்து, "தொட்டியைக் காலி செய்தது நான். இந்தத் தீவின் மழையை யாரிடமும் கேட்கவில்லை. தவறு என்னுடையது" என்றேன். மறுநாளிலிருந்து பிள்ளைகள் வீட்டுத் தொட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவருகிறார்கள். சின்ன வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கும் சேர்த்து இரண்டு பாட்டில் கொண்டுவருகிறாள். அதை வாங்கும்போதெல்லாம் அழுகை வருகிறது.

ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் கேட்கிறார்கள்! வரச் சொன்னால் வந்துவிடுவேன், உங்கள் பேச்சை மீறமாட்டேன். ஆனால் இப்போது வந்தால் ஓடிவந்ததாகத்தான் இருக்கும். அடுத்த மழைக்கு இந்தத் தொட்டியை நிரப்பிப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லுங்கள்.

ஆபிதா

*

சலாலா
9 பிப்ரவரி 2007

என் சீதேவி மகளுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். இளநீர் கேட்டு நின்றவரை நிற்க வைத்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தேன்.

தொட்டியைக் கழுவச் சொன்னது நான். யாரையும் கேட்காதே என்றதும் நான்தான். நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு இடத்திலாவது அதைச் சொல்லிக்காட்டியிருக்கிறாயா என்று தேடினேன். இல்லை. அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றபோதும் என் பெயரை நீ எடுக்கவில்லை.

என்னைத் தன் அண்ணனாக நினைக்கிற பக்கத்துக் கடை சுஐபு வந்து, "என்ன காக்கா, கண்ணு கலங்கிருக்கு? மகளு எப்ப ஊருக்கு வாரா?" என்றான். "அவ வரமாட்டா. அங்கன அவளுக்கு வேல கெடக்கு" என்று சொன்னேன். விஷயம் முழுவதையும் அவனிடம் சொன்னேன். உன் தப்பையும் சொன்னேன், என் தப்பையும் சொன்னேன். இதுவரை டீச்சர் மகள் என்று பீற்றிக்கொண்டது ஒன்றுமே இல்லை ஆபிதா, இப்போதுதான் நெஞ்சு நிமிர்கிறது. இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில், தப்பு என்னுடையது என்று ஒருவரிடமாவது நான் ஒத்துக்கொண்டதுண்டா? இளநீர் புளித்திருந்தால் வெயிலைத்தான் குறை சொல்வேன்.

இத்துடன் உன் தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். சுஐபின் மகன் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தான். தொட்டியைக் கழுவச் சொன்னது இளநீர் விற்கும் மக்தூம் என்று இருக்கிறது. நீ கிழித்துப்போடுவாய் என்று தெரியும். கிழிக்காதே, கொடு. என் பங்கை நான் சுமக்க வேண்டாமா?

உம்மாவிடம் போனில் பேசி விவரம் சொல்லிவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய். ஒரு வருஷம் என்ன, அவர்கள் கேட்கிற வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. போடும்போது வெறும் இனிஷியலோடு நிறுத்தாதே. மக்தூம் மகள் ஆபிதா என்று முழுசாக எழுது.

வாப்பா