ஆறாம் குழாயின் நீல மூடி

இன்று காலை ஆய்வகக் குளிர் அறையில் அந்த ஆறாம் குழாயைத் திறந்தேன். அதே அழுகிய முட்டை நாற்றம். ஹைதராபாத் உப்பல் வெயிலிலிருந்து உள்ளே போனவளுக்குத் தென்துருவக் கடலின் அடிமண் மூக்கில் ஏறியதும் அழுகை வரவில்லை. உன்மேல் ஆத்திரம்தான் வந்தது.

நேற்று உன் இரங்கல் கூட்டம். நம் ஆய்வகத் தலைவர் உன்னை வாய் ஓயாமல் புகழ்ந்துவிட்டு, "அந்த ஒரு குழாயைத் தலைகீழாக்கினதைத் தவிர அவங்க வேலையில குறையே இல்ல" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

தலைகீழாக்கியது நான். அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஆய்வுக் கப்பலில், கடலடியைத் துளைத்து எடுத்த மண் நிரம்பிய குழாயை மீட்டர் மீட்டராக அறுத்து, மேல்முனைக்கு நீல மூடியும் கீழ்முனைக்குச் சிவப்பு மூடியும் போட்டுக்கொண்டிருந்தோம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆறாவதற்கு மாற்றிப் போட்டுவிட்டேன். ஹைதராபாத் வந்து பிளந்து பார்த்தால் அடுக்குகள் அடுத்த குழாயோடு பொருந்தவில்லை. பனி பின்வாங்கிய காலம் முன்னேறிய காலமாகத் தெரிந்தது.

யார் செய்தது என்று தலைவர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் நீ, "நான்தான் சார்" என்றாய். வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "உனக்கு இன்னும் வேலை பர்மனென்ட் ஆகல. என்னை என்ன பண்ணிடுவாங்க? நக்கோ, விடுடி" என்றாய். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு எந்தப் பேச்சையும் முடிக்க, அந்த ஊர் உருதுவில் 'வேண்டாம்' என்னும் அந்த ஒரு நக்கோ போதும்.

என்ன பண்ணினார்கள் என்று பிறகு தெரிந்தது. அடுத்த பயணப் பட்டியலில் உன் பெயர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. உன் இடத்தில் நான் போனேன். அந்தப் பெருந்தன்மையை உன்னிடம் யார் கேட்டது? கேட்காமல் கொடுத்துவிட்டு, ஒருநாளும் குத்திக்காட்டாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். வேலை நிரந்தரமான பிறகாவது நான் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை. உன்மேல் இருக்கும் கோபத்தில் பாதிக்கு மேல் என்மேல்தான்.

இன்று பதிவேட்டில் மூடி போட்டவர் என்ற இடத்தில் உன் பெயரை அடித்து, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் பார்த்துவிட்டு, "போனவங்களுக்கு இதனால என்னம்மா ஆகப்போகுது?" என்றார்.

"ஒண்ணும் ஆகாது சார். ஆனா நேத்து நீங்க சிரிச்சீங்க" என்றேன்.

நீ இல்லாமல் மூன்று முறை அந்தப் பனியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படி இருந்துச்சு, சொல்லுடி" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் "ஒரே குளிர்" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தையெல்லாம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.